ஆக்சிடென்ட் கேஸ்தானே என்று விட்டுவிடாதீர்கள்

2022 ஐப்பசியில் ஒரு நாள், விடியற்காலை ஐந்தேகால் மணி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலை 744-ல் என் பெரியம்மாவைப் பின்னாலிருந்து வந்த மினி வேன் அடித்துப் போட்டது. தோப்பு வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் லோடு ஆட்டோ எங்கள் காலனிக்குள் வராது, ஊர் விலக்கில்தான் நிற்கும். காலனியிலிருந்து விலக்குக்குப் போக நெடுஞ்சாலையை விட்டால் வேறு வழியில்லை. இருபது வருடமாக அந்த அரைக் கிலோமீட்டரைத் தூக்குவாளியோடு நடந்தவள் பெரியம்மா. வயது 46. மதுரைக்குக் கொண்டுபோனோம். மறுநாள் காலையில் உயிர் போய்விட்டது.

அப்போது நான் களப்பணியில் ஆறு வருடம் முடித்திருந்தேன். சமூகவியலில் முதுகலைப் பட்டம் வேறு. பி.சி.ஆர். வழக்கு என்றால் புகார் எழுதுவது முதல் நிவாரணத் தொகைக்குக் கலெக்டர் ஆபீஸ் படியேறுவது வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் வீட்டுச் சாவில், அடுத்து எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ‘ஆக்சிடென்ட் கேஸ்தானே, வக்கீல் யாராவது பார்த்துக்கொள்வார்’ என்றுதான் நினைத்தேன். நம் தோழர்களில் பெரும்பாலோர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறோம் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த ‘யாராவது’ எங்களைத் தேடி வந்தார். போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடலை வாங்கக் காத்திருந்தபோது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அண்ணனின் தோளில் கைவைத்துப் பேசினார். “ஒத்தப் பைசா கொடுக்க வேண்டாம் தம்பி. எல்லாச் செலவும் நம்மளுது. பணம் வந்தப்புறம் நூத்துக்கு இருபத்தஞ்சு மட்டும் எடுத்துக்குவோம்.” வக்காலத்திலும் எதுவும் எழுதாத நான்கைந்து தாளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர் வக்கீல் இல்லை, வக்கீலுக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் பத்தடி தூரத்தில் போனில் யாருக்கோ தகவல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இன்னொரு தரப்பு வந்தது. வேன் பக்கத்து ஊர்ப் பெரிய மனிதருடையது. அவருடைய தென்னந்தோப்பில்தான் பெரியப்பா தண்ணீர் பாய்ச்சினார். ஐம்பதாயிரம் ரூபாயும் ஒரு முத்திரைத்தாளும் வந்தன. கேஸ் வேண்டாம், பேசி முடித்துக்கொள்வோம் என்றார்கள். பெரியப்பா வாங்கிக்கொள்ளலாம் என்றார். “பாப்பா, அவரு தோப்புலதான் நாம கஞ்சி குடிக்கிறோம். கேஸு கீஸுன்னு போனா நாளைக்கு யாரு கூப்பிடுவா? போனவ திரும்பி வரப்போறாளா?”

அவர் சொன்னதில் பயம் மட்டுமில்லை, கணக்கும் இருந்தது. அந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல என்னிடம் கொள்கை இருந்ததே தவிர விவரம் இல்லை. அன்று தெரிந்திருக்க வேண்டியது இது. சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். காப்பீடு ஒழுங்காக இருந்தால் இழப்பீட்டை முதலாளி தன் பையிலிருந்து தருவதில்லை, இன்சூரன்ஸ் கம்பெனிதான் தருகிறது. அப்படியிருந்தும் ஒருவர் கேஸே வேண்டாம் என்று அலைந்தால் காரணம் இருக்கும். எங்கள் விஷயத்தில், வேன் ஓட்டிய பையனுக்கு லைசென்ஸ் இல்லை. தவிர, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவழக்கு இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய வகையில் வராது. அன்று இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 106. ஊர்ப் பெரியவர்கள் முத்திரைத்தாளில் எழுதுவதால் அந்த வழக்கு மறைந்துவிடாது.

பணத்தை வாங்கவில்லை. அண்ணன்தான் உறுதியாக நின்றான். மறு வாரமே பெரியப்பாவுக்குத் தோப்பு வேலை போனது.

பிறகு நாங்கள் செய்த தப்பு, சும்மா இருந்தது. புரோக்கருக்குப் போன் போட்டால் “ஃபைல் பண்ணியாச்சும்மா, நம்பர் வரும்” என்பார். பங்குனியில் ஒரு நாள் வேறு வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனபோது விசாரித்தேன். பெரியம்மா பெயரில் எந்த மனுவும் பதிவாகவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை நம்பி உட்கார முடியாது. எங்களுக்கு மூன்று வாரம்தான் மிச்சம் இருந்தது.

விருதுநகர் மாவட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில் இருந்தாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். எத்தனையோ முறை அந்தப் பலகையைத் தாண்டிப் போயிருக்கிறேன். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இலவச வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. சாதிச் சான்றிதழைக் காட்டினால் போதும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். ஸ்காலர்ஷிப்புக்கும் வேலைக்கும் மட்டுமே நாம் நீட்டிப் பழகிய அந்தச் சான்றிதழை அன்று அண்ணன் இதற்காக நீட்டினான்.

ஒதுக்கப்பட்டவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் வக்கீல். முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் கேட்ட கேள்விகளில்தான் நம்பிக்கை வந்தது. எஃப்.ஐ.ஆர். நகல் எங்கே? பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் வாங்கினீர்களா? அவங்க எத்தனை மணிக்கு எழுந்திருப்பாங்க, யாருக்குச் சமைப்பாங்க, என்ன கூலி? அந்த இடத்தை யாராவது போட்டோ எடுத்தீங்களா? புரோக்கர் ஐந்து மாதமாக இதில் ஒன்றையும் கேட்டதில்லை. முன்னால் கையெழுத்து வாங்கிய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, கெடுவுக்கு நான்கு நாள் முன்பு மனுவைப் போட்டார்.

எல்லா இலவச வக்கீலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். வாய்தாவுக்கே வராதவர்களும் உண்டு. அப்படியென்றால் ஆணைக்குழுவில் எழுதிக்கொடுத்து ஆளை மாற்றச் சொல்லலாம். காசு கொடுத்து வைத்தாலும் சரி, இலவசமானாலும் சரி, இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: எம்.சி.ஓ.பி. வழக்கு எத்தனை நடத்தியிருக்கிறீர்கள்? சாட்சி விசாரணைக்கு நீங்களே வருவீர்களா? மனு நம்பர் எப்போது கிடைக்கும்? மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்குக் கூப்பிட்டால் எங்களைக் கேட்காமல் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்தானே? மக்கள் நீதிமன்றத்தில் முடிந்த வழக்குக்கு மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயத்தின் தீர்ப்பு என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்கு, அதாவது நமக்கு மதுரைக் கிளைக்கு, போகலாம்.

கமிஷனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வக்கீல்கள் விளம்பரப் பலகை வைத்து, ஜெயித்தால் பங்கு என்று வழக்குப் பிடிக்கலாம். இந்திய பார் கவுன்சில் விதிகள் இரண்டையும் தடுக்கின்றன. 2017-ல் பி. சுனிதா எதிர் தெலங்கானா மாநிலம் வழக்கில், கணவரை விபத்தில் இழந்த பெண்ணிடம் இழப்பீட்டில் சதவீதக் கணக்கில் ஃபீஸ் கேட்டதைத் தொழில் ஒழுங்கீனம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியும் இந்த வியாபாரம் ஏன் நடக்கிறது? முன்பணம் கொடுக்க நம்மிடம் இல்லை என்பதால் நடக்கிறது. கமிஷன்காரர் பிணவறை வாசல்வரை வருகிறார், சட்டப்பணிகள் ஆணைக்குழு அங்கே வருவதில்லை. நாம்தான் நம் ஆட்களை அங்கே கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.

விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு இரண்டு விஷயம் சொன்னது. முதலாவது, பெரியம்மா சாலையின் ஓரத்தில் நடக்காமல் சாலைக்குள் நடந்தார், எனவே தப்பு அவர் மேலும் இருக்கிறது. நடந்து போகிறவர்களின் வழக்கு ஒவ்வொன்றிலும் இந்த வாதம் வரும். இவ்வளவு சதவீதம் அவர் தப்பு என்று எழுதினால் இழப்பீட்டில் அவ்வளவும் குறையும். விபத்து நடந்த மூன்றாம் நாள் அண்ணன் அந்த இடத்தைப் போனில் எடுத்திருந்தான். தார் முடியும் இடத்தில் பள்ளம், பள்ளத்தை ஒட்டிச் சீமைக்கருவேலம். நடக்க ஓரமே இல்லை. எங்கள் வக்கீல் அதைக் காட்டி, “இந்த அம்மா வேறு எங்கே நடந்திருக்க வேண்டும்?” என்று குறுக்கு விசாரணையில் கேட்டார். பதில் வரவில்லை. போட்டோ எடுத்த போனை விற்றுவிடாதீர்கள், அது சாட்சியம்.

இரண்டாவது, வருமானம். பெரியம்மாவின் நூறு நாள் வேலை அட்டையை நாங்கள் தாக்கல் செய்திருந்தோம். அந்த வருடம் தமிழ்நாட்டில் நாள் கூலி 281 ரூபாய். நூறு நாளுக்கு 28,100. அதுதான் அவருடைய ஆண்டு வருமானம் என்றார்கள். மீதி 265 நாளும் அவள் தோப்பில் தேங்காய் பொறுக்கியதையும், களையெடுத்ததையும், வீட்டில் உலை வைத்ததையும் கணக்கில் சேர்க்கவில்லை. சம்பளச் சீட்டு இல்லை என்பதற்காகக் கூலித் தொழிலாளியின் வருமானத்தைத் தள்ளிவிடக் கூடாது என்று 2011-ல் ராமச்சந்திரப்பா வழக்கிலும், இல்லத்தரசியின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்று 2021-ல் கீர்த்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் வக்கீல் இரண்டையும் எடுத்து வைத்தார். தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் என்று ஏற்றது.

கணக்கை நீங்களே போட்டுப் பழகுங்கள். 10,000-த்தோடு எதிர்கால வருமான உயர்வுக்காக 25 சதவீதம் (40 முதல் 50 வயது, நிரந்தர வேலை இல்லாதவர்களுக்கு) சேர்த்தால் 12,500. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் வருடத்துக்கு 1,00,000. 46 முதல் 50 வயதுக்குப் பெருக்கும் எண் 13. ஆக 13 லட்சம். கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் உறவிழப்புக்காகத் தலைக்கு 44,000, ஈமச்செலவுக்கும் சொத்திழப்புக்கும் 16,500 வீதம். மொத்தம் 14,65,000, அதற்கு மேல் வட்டி. 2009 சர்லா வர்மா, 2017 பிரனய் சேத்தி தீர்ப்புகள் தந்த கணக்கு இது. அதே மாத வருமானத்தை 6,000 என்று எழுதியிருந்தால் 13 லட்சம் 7,80,000 ஆகியிருக்கும். 25 சதவீதக் கமிஷன் என்றால் மூன்றரை லட்சத்துக்கு மேல் போயிருக்கும். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் ஐம்பதாயிரம்.

லைசென்ஸ் இல்லாததால், கம்பெனி முதலில் எங்களுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு வந்தது.

நாட்டில் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். அந்த அறிக்கையில் வயது இருக்கிறது, பாலினம் இருக்கிறது, வாகன வகை இருக்கிறது. சாதி இல்லை. எந்தக் குடியிருப்பு நெடுஞ்சாலை ஓரத்துக்குத் தள்ளப்பட்டது, யார் வண்டி வாங்க முடியாமல் நடக்கிறார்கள், ஷேர் ஆட்டோ எந்தத் தெருவுக்குள் நுழைவதில்லை என்பதையெல்லாம் நாம்தான் எழுத வேண்டும். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் போட்ட பொதுநல வழக்கில், தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டம் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. காலனிகளுக்காக மனு எழுதும் தோழர்கள் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடித்த வண்டி நிற்காமல் போய்விட்டாலும் வழி இருக்கிறது. அடையாளம் தெரியாத வாகனம் என்றால் இறப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். இதற்குத் தாசில்தார் அல்லது கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். வண்டி தெரிந்திருந்தால், போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. ஸ்டேஷனில் அதைக் கேளுங்கள். கேட்டால்தான் நடக்கும்.

பெரியப்பாவுக்கு இன்னும் என் மேல் வருத்தம் உண்டு. தோப்பு வேலை திரும்பக் கிடைக்கவில்லை; இப்போது ராஜபாளையத்தில் ஒரு கடைக்கு வாட்ச்மேனாகப் போகிறார். தங்கச்சி பி.எட். முடித்துவிட்டாள். போன பொங்கலுக்குப் போனபோது பெரியப்பா கேட்டார்: “அந்தப் பணத்துக்குப் பதிலா அந்த ரோட்டுல ஒரு லைட்டாவது கேட்டிருக்கலாம்ல பாப்பா?” நாங்கள் கேட்டிருக்கிறோம். மூன்று மனு போயிருக்கிறது. நான்காவதை இந்த வாரம் கொடுக்கிறோம். பக்கத்தில் இருக்கும் தோழர்கள் வாருங்கள்.

ஜெய்பீம்.