ஒரே வகுப்பறை, இரு கூலி

நாங்கள் கணவனும் மனைவியுமாக ஒரே கல்லூரியில் வணிகவியல் கற்பிப்பவர்கள். இருவரும் முனைவர் பட்டம் பெற்றவர்கள். தகுதித் தேர்வில் தேறியவர்கள். பல்கலைக்கழகம் வகுத்த ஒரே பாடத்திட்டத்தையே நடத்துகிறோம். ஒருவர் அரசு உதவி பெறும் பணியிடத்தில் காலையில் கற்பிக்கிறார். மற்றவர் அதே வகுப்பறையில் மாலையில் சுயநிதிப் பிரிவில் கற்பிக்கிறார். பின்னவரின் ஊதியம் முன்னவருடையதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை.

ஆசிரியரின் பொருள்நலம் பற்றிப் பேசுவோர் சிக்கனத்தையும் சேமிப்பையும் வலியுறுத்துவர். அவை வேண்டியவையே, நாங்களும் அவற்றைத்தான் கற்பிக்கிறோம். ஆயினும் வாழ்ந்து அறிந்த உண்மை வேறு. அந்நலத்தை முதலில் முடிவு செய்வது பணி நியமன ஆணையின் தன்மையும் அதில் குறித்துள்ள தேதியுமே.

பல்கலைக்கழக மானியக் குழுவின் விகிதப்படி, 2016 சனவரி முதல் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 57,700. அகவிலைப்படி முதலியன தனி. வருகைதரு ஆசிரியருக்கு, வகுப்பு ஒன்றுக்கு ரூ. 1,500, மாதத்திற்கு ரூ. 50,000க்கு மிகாமல் என 2019இல் அக்குழு மதிப்பூதியம் வகுத்தது. தாளில் எழுதிய அத்தொகை பலரது கைக்கு வந்ததில்லை. தேதியின் வலிமையும் சிறிதன்று. தமிழகத்தில் 2003 ஏப்ரல் முதல் நாளுக்கு முன் பணியேற்றோர்க்குப் பழைய ஓய்வூதியம் உறுதியாயிற்று. அன்றும் அதன்பின்னும் பணியேற்றோர் பங்களிப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். சில வார இடைவெளியில் சேர்ந்தவர்களின் முதுமைகூட வெவ்வேறாகிவிட்டது.

படிப்பு நீள்வதும் ஒரு காரணம். முதுகலை, ஆய்வு, தகுதித் தேர்வு எனக் கடந்து நிலையான பணி கிட்டுவதற்குள் பலருக்கு முப்பத்தைந்து வயதாகிவிடுகிறது. தங்கையின் திருமணக் கடனும் பெற்றோரின் மருத்துவச் செலவும் அதற்காகக் காத்திருப்பதில்லை. சேமிக்க வேண்டிய ஆண்டுகள் வட்டி கட்டுவதில் கழிகின்றன. நாங்கள் வீட்டுக்கடன் கேட்டுச் சென்றபோது, வங்கி மேலாளர் ஓர் ஊதியச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டார். மற்றதை மடித்துத் திருப்பித் தந்தார்.

எங்கள் மனத்தை உறுத்துவது அந்தச் சீட்டு அன்று. சுயநிதிப் பிரிவில் மே மாதத்திற்கு ஊதியம் இல்லை. ஓராண்டு ஆசிரியர் பேரவையில் அதைக் கேட்டுக் கோரிக்கை எழுந்தபோது, எங்களுள் நிலையான பணியில் இருப்பவர் வாய் திறக்கவில்லை. தம் வீட்டுக்காகப் பேசுகிறார் என்பார்களே என்ற கூச்சம். அதைப் பெருந்தன்மை என்றே இருவரும் எண்ணிக்கொண்டோம். கோரிக்கை அப்படியே அமுங்கிப்போயிற்று. இரு ஊதியம் வரும் எங்கள் வீட்டில் அந்தக் கோடையில் அடுப்பு அணையவில்லை. அந்த ஒற்றை ஊதியத்தையே நம்பியிருந்த உடன்பணியாளர் ஒருவர், எங்களிடமே பயின்றவர், துணிக்கடையில் கணக்கெழுதினார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்தார். சூன் மாதத்தில் எங்களைக் கண்டு வழக்கம்போல் வணங்கினார். எங்களால் நிமிர்ந்து பதில் வணக்கம் சொல்ல இயலவில்லை.

நிர்வாகங்களின் இடரை நாம் மறுக்கவில்லை. சுயநிதிப் பிரிவு மாணவர் கட்டணத்தாலேயே நடக்கிறது. கட்டணம் உயர்ந்தால் ஏழை மாணவன் வாசலிலேயே நின்றுவிடுவான். ஆனால் அவனுக்கு நாம் காட்டும் இரக்கத்தின் விலையை அவனுடைய ஆசிரியர் ஒருவரே செலுத்த வேண்டுமா? வேலை தேடுபவன் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டதாலேயே ஒரு கூலி நீதியானதாகிவிடாது என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டின் சுற்றுமடலில் தெளிவுபடுத்தினார். ஊதியம் குடும்பத்தைத் தாங்கப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று இரண்டாம் யோவான் பவுல் 1981இல் வலியுறுத்தினார். தொழிலாளர் என்றதும் நம் நினைவு ஆலைவாசலுக்குச் செல்கிறது. கல்லூரி வாசலுக்குள் வருவதில்லை.

திராட்சைத் தோட்ட உவமையை மறையுரைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கடைசி ஒரு மணி நேரம் உழைத்தவருக்கும் தோட்டத்தின் உரிமையாளர் ஒரு தெனாரியம் தந்தார். அது ஒரு நாள் கூலி. ஓர் இல்லத்தின் அன்றைய அப்பம். அவர் வேலை நேரத்தை மட்டும் எண்ணவில்லை; வேலையாளின் இல்லத்தையும் எண்ணினார். நாமோ நாள் முழுவதும் உழைத்தவருக்கும் கடைசி மணி நேரக் கூலியைத் தருகிறோம்.

அடுத்த பேரவையில் மே மாத ஊதியக் கோரிக்கையை எங்களுள் நிலையான பணியில் இருப்பவரே முன்மொழிவது என்று முடிவு செய்திருக்கிறோம். கூச்சம் இன்னும் முழுவதும் நீங்கவில்லை. பேசாமல் இருந்ததால் நேர்ந்த வெட்கம் அதைவிடப் பெரிது என்பதை மட்டும் அறிந்துகொண்டோம்.