33 மில்லிநொடி

ஓர் எண்ணெய்க் கிணற்றின் அறிக்கையில் 33 மில்லிநொடி என்று எழுதினேன். அந்தக் கிணற்றுப் பாறையில் அதை யாரும் அளக்கவில்லை. அளந்ததைப் போல எழுதினேன்.

நார்வே கடலின் ஹால்டன் மேடைப் பகுதி அது. கடலடிக்கு நான்கு கிலோமீட்டர் கீழே, ஜுராசிக் காலத்து டில்யே மணற்கல். கிணற்றுக்குள் இறக்கிய கருவிகளின் பதிவுகளைப் படித்து, எந்த அடுக்கில் உற்பத்திச் சோதனை வைக்கலாம் என்று சொல்வது என் வேலை. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது என்.எம்.ஆர். லாக். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. கருவியின் காந்தம் பாறைத் துளைகளில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்களை ஒரு திசையில் நிறுத்தும். ரேடியோ துடிப்புகள் அவற்றைச் சாய்க்கும். திரும்பி வரும் எதிரொலி எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று பார்ப்போம். சின்னத் துளையில் சீக்கிரம் தேயும், பெரிய துளையில் மெதுவாக. அந்தத் தேய்வு நேரம்தான் டி2. கட்-ஆஃப் என்று ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே வருவது பாறையை விட்டு அசையாத நீர், மேலே வருவது ஓடக்கூடிய திரவம் என்று பிரிக்கிறோம். மணற்கல்லுக்கு 33, சுண்ணாம்புக்கல்லுக்கு 92 என்பது துறையில் எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் எண்கள். கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறைத் துண்டான கோர் மாதிரியை ஆய்வகத்தில் சுழற்றி நீரை வெளியேற்றி, முன்னும் பின்னும் அளந்தால்தான் அந்தப் பாறைக்கு உரிய எண் கிடைக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். எனக்குக் கூட்டம் வியாழக்கிழமை.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. ரிக்கில் இருந்த புவியியலாளர் தன் குறிப்பில், மணல் மணிகளின்மேல் பச்சைப் பூச்சு என்று எழுதியிருந்தார். படமும் அனுப்பியிருந்தார். பாசி படிந்த கூழாங்கற்களைப் போல ஒவ்வொரு மணியையும் மெல்லிய பச்சை சுற்றியிருந்தது. குளோரைட். அவ்வளவு ஆழத்திலும் இந்த மணற்கல்லில் துளைகள் மிஞ்சியிருப்பதே அதனால்தான். மணிகள்மேல் குவார்ட்ஸ் வளர்ந்து இடத்தை அடைக்காதபடி அது காக்கிறது. ஆனால் அதில் இரும்பு உண்டு. இரும்பு பக்கத்தில் இருந்தால் எதிரொலி சட்டென்று தேய்ந்துவிடும். பெரிய துளையில் தாராளமாக ஓடக்கூடிய திரவமும் சின்னத் துளையில் சிக்கிய நீரைப் போலக் காட்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். இளையவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன், மூடினேன், 33-லேயே கணக்குப் போட்டேன்.

ஓடும் திரவம் சொற்பமாக வந்தது. கோட்ஸ் சமன்பாடு ஓடும் திரவத்துக்கும் அசையாத நீருக்கும் உள்ள விகிதத்தை வர்க்கமாக்கி ஊடுருவு திறனைத் தரும். பிழையும் சேர்ந்து வர்க்கமாகும். பதினான்கு மீட்டர் மணற்கல்லை ‘இறுகிய பாறை, சோதனை தேவையில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் ஒருவர், கட்-ஆஃப் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். “இந்தப் பகுதிக்குப் பொருந்தியதுதான்” என்றேன். அந்த ஒரு வாக்கியம் கவனக்குறைவு இல்லை, பொய். தெரியாது, கோர் வரும்வரை பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பதினான்கு மீட்டரை விட்டுவிட்டு, மற்ற அடுக்குகளில் திரவம் உள்ளே வர கிணற்றுக் குழாயைத் துளையிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஆய்வக முடிவு வந்தது. கட்-ஆஃப் 12. அதைப் போட்டு மறுபடி கணக்கிட்டபோது, நான் இறுகியது என்ற பாறை அந்தக் கிணற்றின் நல்ல அடுக்குகளில் ஒன்றாக வந்தது. திரையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கோப்பை மூடி வைத்தேன். எட்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் அந்தப் புவியியலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “படம் சரியாகத் தெரியவில்லையோ?” என்று கேட்டார். நன்றாகத்தான் தெரிந்தது என்றேன்.

மேலதிகாரியிடமும் அன்றைக்கே வாயால் சொன்னேன். திருத்தம் எழுதித் தருகிறேன் என்றேன். அடுத்த கிணறு வந்தது, பிறகு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. எழுதித் தரவில்லை. அந்த அறிக்கையில் இன்னும் 33 என்றுதான் இருக்கிறது, கீழே என் கையெழுத்தோடு.