சுள்ளிக்கட்டு

மகள் பிரான்சில் லுவார் நதிப் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறாள். சில வருடங்களுக்கு முன் குளிர்காலத்தில் அங்கே போயிருந்தபோது, பக்கத்து வீட்டு விவசாயி வேலி மரங்களைக் கழித்துக்கொண்டிருந்தார். கிளைகளையெல்லாம் குவித்துக் கொளுத்துவார் என்று நினைத்தேன். அவரோ டிராக்டருக்குப் பின்னால் ஒரு இயந்திரத்தை மாட்டினார்.

கத்தி பொருத்திய இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழல்கின்றன. கிளையின் நுனியைக் காட்டினால் போதும், கரும்பு ஆலை மாதிரி அதுவே இழுத்துக்கொள்கிறது. மறுபக்கம் அரைச்சாண் துண்டுகளாக, வெங்காய மூட்டை போன்ற வலைப்பையில் விழுகிறது. மணிக்கட்டுத் தடிமன் கிளையும் தப்பவில்லை. மரத்தைச் சில்லு சில்லாகத் துருவும் இயந்திரம்தான் எனக்குத் தெரியும். ஏன் அது வேண்டாம் என்று கேட்டேன். பச்சைச் சில்லைக் குவித்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடித்துவிடுமாம். செடிக்கு மூடாக்காகப் போடலாம், பெரிய கொதிகலனுக்கு ஆகும், வீட்டு அடுப்புக்கு உதவாது. துண்டுகளானால் இடையில் காற்று போகும். கூரைக்கு அடியில் மூட்டையை அடுக்கி ஒரு கோடையைத் தள்ளினால் காய்ந்துவிடும்.

அங்கே விறகை இன்னும் 'ஸ்தேர்' கணக்கில்தான் சொல்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராக அடுக்கினால் ஒரு ஸ்தேர். 1795-இல் மெட்ரிக் அளவைகளோடு வந்த சொல். புதுச்சேரிப் பள்ளிக்கூடத்தில் அதை மனப்பாடம் செய்தபோது எங்கள் வகுப்பில் ஒருவனும் ஒரு ஸ்தேர் விறகைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்தது விறகுத்தொட்டித் தராசுதான். ஆனால் 'ஃபகோ' என்ற சொல் உடனே விளங்கிவிட்டது. லா ஃபோந்தேனின் கதையில் கிழட்டு விறகுவெட்டி முதுகிலிருந்து இறக்கிவைப்பானே, அந்தச் சுள்ளிக்கட்டு. அம்மா தினமும் கொல்லையில் கட்டுவதும் அதுதானே! பிரான்சில் ஒரு காலத்தில் ரொட்டி அடுப்பை அந்தக் கட்டுகளால்தான் சூடேற்றினார்கள்.

அம்மாவுக்கு எந்தக் குச்சியும் குப்பை இல்லை. சவுக்கு மிளாறு, முருங்கைக் காம்பு, தென்னம்பாளை எல்லாவற்றையும் முழங்காலில் வைத்து ஒடித்து, நார் கொண்டு கட்டுவாள். கேஸ் அடுப்பு வந்த பிறகும் வெந்நீர் தவலைக்கு அந்தக் கட்டுதான்.

2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் நமக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியதை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் கொல்லை மாமரம் வேரோடு சாய்ந்தது. அடிமரத்தை ஒரு மரவாடிக்காரர் எடுத்துக்கொண்டார். கிளைகளை யாரும் கேட்கவில்லை. கடைசியில் பணம் கொடுத்து ஒரு மாட்டுவண்டியை ஏற்பாடு செய்தேன். வண்டி வருவதற்குள் அம்மா, எண்பது வயதில், குந்தி உட்கார்ந்து ஒடித்து ஒடித்துக் கிணற்றடியில் அடுக்கிவிட்டாள். பாம்பு அடையும், தேள் அடையும் என்று கத்தினேன். அவள் கண்ணெதிரே அத்தனையையும் வாரி வண்டியில் போட்டேன். பச்சை மரம் எரியாது என்றும் சொன்னேன், அவளுக்குத் தெரியாத மாதிரி. அவள் ஒன்றும் பேசாமல் கை கழுவப் போனாள்.

அடுத்த வருஷம் வைகாசியில் அம்மா போய்விட்டாள்.

பதினாறாம் நாள் சமையலுக்கு வந்தவர், கொல்லையில் கல் கூட்டி அடுப்பு வைத்தார். நான் வாங்கி வைத்திருந்த சவுக்கு பற்றாமல் புகைந்தது. சற்று நேரத்தில் மாடிப்படிக்கு அடியிலிருந்து இரண்டு கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாங்குச்சி, ஒரே அளவாக ஒடித்து, வாழைநாரால் கட்டியது.

"நல்லா காஞ்சிருக்கு சார். எந்தத் தொட்டியில வாங்குனீங்க?"

வீட்டு மரம் என்றேன்.