மரம் குடிக்கிற வரைக்கும்

டர்பன்டைன் வாசம் எங்கே எழுந்தாலும், அதன் பின்னால் தேன்மெழுகின் இனிப்பும் வந்துவிடும் என்று மூக்கு காத்திருக்கிறது, இப்போதெல்லாம் வருவதில்லை, மெலமைனோ பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷோ கண்ணைக் கரிப்பதோடு சரி, ஆனாலும் அந்த ஒரு நொடிக்குள் நான் சூரியநெல்லிக்குப் போய், தேயிலைத் தோட்டத்துத் தொரை பங்களாவின் பின்கட்டில் தாத்தாவுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவேன்.

மாசி பங்குனி வெயிலில்தான் அந்த வேலை நடக்கும், இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் மலையில் எந்த எண்ணெயும் லேசில் காயாது, கதவெல்லாம் ஊதி நிலையில் சிக்கிக்கொள்ளும். முதுவான் பழங்குடிகள் எடுத்துவரும் மலைத்தேனைப் பிழிந்தபின் மிஞ்சும் அடையை வெந்நீரில் உருக்கி, துணியில் வடித்து, ஆறியதும் மேலே மிதக்கும் மெழுகை எடுத்து வைத்துக்கொள்வார், அதைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவை வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கித்தான் மறுபடி இளக்குவார், 64 டிகிரிக்குள் உருகிவிடுகிற பொருளுக்கு அடுப்புத் தீ எதற்கு. உப்புத்தாள் போட்ட மரத்துக்கு முதலில் ஆளிவிதை எண்ணெய், அது நன்றாகக் காய்ந்தபின் டர்பன்டைனில் குழைத்த மெழுகு. “மரம் குடிக்கிற வரைக்கும் குடுலே, மிச்சத்தத் தொடச்சுரு” என்பார்.

எண்ணெய் துடைத்த துணிகளை அவர் ஒருநாளும் சுருட்டிப் போட்டதில்லை, தோட்டத்து வேலியில் ஒவ்வொன்றாக விரித்துவிடுவார், சுருட்டினால் தானாகத் தீப்பிடிக்கும் என்று அவர் சொன்னதை நான் பயமுறுத்தல் என்றே நினைத்திருந்தேன். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றின் ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது, அப்போது பிறக்கும் சூடு கசங்கிய துணிக்குள் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். தேங்காயெண்ணெய்க்கு அப்படி இறுகும் குணம் கிடையாது, எத்தனை நாள் வைத்தாலும் பிசுபிசுப்புதான்.

அந்த மலைக்கு இன்னொரு வாசமும் உண்டு, சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கி ஏறினால் கொழுக்குமலை, வழி கேரளம், மலை தேனி மாவட்டம், அங்கே பழைய தேயிலை ஃபேக்டரிக்குள் நுழைந்ததும் வாடிய இலையின் வாசம் பச்சையாக நெஞ்சுக்குள் இறங்கும். இதே எல்லைக் குழப்பத்தை வெகுகாலம் கழித்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் பார்த்தேன், இருப்பது கன்னியாகுமரி மாவட்டம், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை, 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த அந்த மாளிகையின் கருத்த மரத்தூண்களில் சன்னல் வெளிச்சம் பளீரென்று தெறிக்காமல் உள்ளிறங்கி நின்றது, தாத்தா தேய்த்த பங்களாக் கதவுகளிலும் வெளிச்சம் அப்படித்தான் நிற்கும்.

சமீபத்தில் வீட்டு வாசற்கதவைப் பார்க்க வந்த ஆசாரி, பி.யு. அடித்துவிட்டால் பல வருஷம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்றார். மெழுகு வெந்நீர் டம்ளரையும் மழைச்சாரலையும் அவ்வளவாகத் தாங்காது, உண்மைதான், ஆனால் மங்கிய இடத்தில் மட்டும் இன்னொரு கை தேய்த்தால் போதும், பி.யு. பூச்சோ விரிசல் விட்டு ஈரம் உள்ளே போய்விட்டால் சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். வருஷாவருஷம் அதே கதவுகளையே தேய்த்தாரே என்று தாத்தாவை நினைத்துப் பரிதாபப்பட்டதுண்டு, இன்று அப்படித் தோன்றவில்லை, கரையான் மண்ணும் கழன்ற கீல் ஆணியும் தட்டுப்பட்டதெல்லாம் அந்தத் தேய்ப்பில்தான்.

பழைய மரக்கதவு வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை மழைக்கு முன்னால் எண்ணெயும் மெழுகும் இடுங்கள், முடித்ததும் துணியை விரித்துக் காயப்போட மறக்காதீர்கள்.