டிரான்ஸ்மிட்டருக்கு அவசரமாக சார்ஜ் போட்ட கதை

போன மாதம் எங்கள் கிளப் பிளேன் விழுந்ததற்குக் காரணம் காற்று என்று நம் வகுப்பில் நாலைந்து பேர் இன்னும் நம்பிக் கொண்டிருக்கிறார்கள். நான்தான் அப்படிச் சொல்லி வைத்தேன். காற்று ஒரு பாவமும் அறியாது. காரணம், நான் போட்ட சார்ஜ்.

புதிதாக வருபவர்களுக்கு: ரேடியோ கண்ட்ரோல் விமானம் ஓட்டுபவர் கையில் வைத்திருக்கும், இரண்டு குச்சி முளைத்த பெட்டிதான் டிரான்ஸ்மிட்டர். எங்களுடையது சீனியர்கள் விட்டுப் போன பழைய செட். உள்ளே எட்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களை வரிசையாகக் கோர்த்த 9.6 வோல்ட், 1500 எம்ஏஎச் பேக். கூட வந்த சார்ஜர் 150 மில்லிஆம்பியர்தான் தரும். சாவகாசமான பிராணி. காலியான பேக் நிறைய 14, 15 மணி நேரம் ஆகும். அதனால் பறக்கிற நாளுக்கு முந்தின இரவே போட வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை என் முறை. மேட்ச் பார்த்துக்கொண்டு மறந்து போனேன். (மேட்சும் தோற்றது.)

காலையில் சுவிட்சைப் போட்டால் 9.8 வோல்ட் காட்டியது. பாதிக்கு மேல் இருந்திருக்கும். எங்கள் பெட்டி தின்பது சுமார் 200 மில்லிஆம்பியர். எப்படியும் இரண்டு மணி நேரம் தாங்கியிருக்கும். இந்தக் கணக்கை அன்றைக்குப் போட்டிருந்தால் இப்போது எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

கிளப்பில் நல்ல சார்ஜர் ஒன்று இருக்கிறது. பேட்டரி நிறைந்ததும் தானே நிற்கும். அதன் ஒயரை டிரான்ஸ்மிட்டரின் பக்கவாட்டு சார்ஜிங் துளையில் சொருகினேன். பேட்டரியே இல்லை என்று எரர் காட்டியது. மூன்று முறை சொருகியும் அதே பல்லவி. சார்ஜர் புட்டுக்கிச்சு என்று தீர்ப்பு எழுதிவிட்டு, பிராஜெக்டுக்கு வைத்திருந்த பவர் சப்ளையை எடுத்தேன். 15 வோல்ட், கரண்ட் லிமிட் 1.5 ஆம்பியர். கரண்ட் ஜம்மென்று போனது. "மச்சி, நீ இன்ஜினியர்டா!" என்றான் ரூம்மேட். இருவரும் இட்லி சாப்பிடப் போய்விட்டோம்.

திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம். பெட்டியின் முதுகைத் தொட்டால் தோசைக்கல். லேசாக ஒரு காட்டமான வாசனை வேறு. மூடியைத் திறந்து ஃபேனுக்கு அடியில் வைத்தோம். ஆறிய பிறகு மீட்டரில் 11 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "ஃபுல்லுடா" என்று கிளம்பினோம்.

பறக்க ஆரம்பித்து ஆறாவது நிமிடம் பீப் பீப் என்று அலாரம். பிளேனைத் திருப்புவதற்குள் திரை அணைந்துவிட்டது. சிக்னல் போனதும் ரிசீவர் ஃபெயில்சேஃபில் மோட்டாரை நிறுத்திவிடும். அது சரியாக நடந்தது. ஆனால் ஒன்றேகால் கிலோ பிளேன், யார் சொல்லும் கேட்காமல், கிரவுண்டின் அந்தக் கோடியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் பக்கம் சறுக்கிக்கொண்டு போனது. கத்தினோம். அவர்கள் எங்களைப் பார்த்தார்களே தவிர மேலே பார்க்கவில்லை. மிட் ஆனில் நின்ற பையனுக்குப் பத்தடி தள்ளி விழுந்து இறக்கை முறிந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், அந்தப் பையன் உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, ரிமோட்ல பேட்டரி தீந்துட்டா பிளேன் தானா வந்துடுமா?" என்று கேட்டான். எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ராத்திரி சீனியருக்கு போன் போட்டேன். திட்டுவார் என்று பார்த்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பேக்கை வெளியே எடுத்துப் போட்டியா, ஓட்டை வழியா போட்டியா?"

விஷயம் அங்கேதான் இருக்கிறது. நிறைய டிரான்ஸ்மிட்டர்களில் சார்ஜிங் துளைக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு டயோடு உண்டு. ஒயரை மாற்றிச் சொருகினாலோ ஷார்ட் ஆனாலோ காப்பாற்றுவதற்காக. டயோடு ஒருவழிப் பாதை. கரண்ட் உள்ளே போகும். பேட்டரியின் வோல்டேஜ் வெளியே தெரியாது. அதனால்தான் நல்ல சார்ஜர் பேட்டரி இல்லை என்றது. அது புட்டுக்கவில்லை, உள்ளதைச் சொன்னது. நான்தான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, நிறுத்தவே தெரியாத ஒன்றைக் கட்டினேன்.

நிறுத்துவது ஏன் அவ்வளவு முக்கியம்? இந்த வகை செல் நிறைந்த பிறகும் கரண்ட் கொடுத்தால் உள்ளே ஆக்சிஜன் உண்டாகி, திரும்பச் சேரும்போது எல்லாம் சூடாக மாறுகிறது. 150 மில்லிஆம்பியரில் அந்தச் சூடு வெளியேறிவிடும். 1.5 ஆம்பியரில் முடியாது. செல் தன் மூச்சுத் துளையைத் திறந்துவிடும். நிறைந்த அந்தக் கணத்தில் வோல்டேஜ் துளியூண்டு இறங்கும். ஒரு செல்லுக்கு 5 மில்லிவோல்ட் அளவுதான். ஸ்பீடு சார்ஜர் காத்திருப்பது அந்த இறக்கத்துக்குத்தான்.

பேக்கைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு செல்லின் தலையில் வெள்ளையாகப் பூத்திருந்தது, வோல்டேஜ் கிட்டத்தட்ட பூஜ்யம். மிச்சம் ஆறு செல் சேர்ந்தாலும் ஏழரை வோல்ட்தான். எங்கள் பெட்டி எட்டரையிலேயே அலற ஆரம்பிக்கும். காலையில் மீட்டர் காட்டிய 11 வோல்ட், அப்போதுதான் சார்ஜிலிருந்து எடுத்த பேட்டரியின் மேல்பூச்சு.

இப்போது அவசரம் என்றால் பேக்கைக் கழற்றி வெளியே எடுத்துத்தான் போடுகிறோம். முதலில் ஒயரை சார்ஜரில் மாட்டிவிட்டுக் கடைசியில்தான் பேட்டரியை இணைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தொங்குகிற இரண்டு பின்னும் முட்டி ஷார்ட் ஆகும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மோடு, 1500 பேக்குக்கு 1 ஆம்பியர். ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து, அந்த 5 மில்லிவோல்ட் இறக்கம் சார்ஜர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கூடவே 1800 எம்ஏஎச் ஏறினால் நிறுத்து என்று ஒரு வரம்பு. கடைசியில் வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் பிடுங்கிவிட வேண்டும். ஸ்பிரிங் வைத்த ஹோல்டரில் தனித்தனி செல் போடுகிற செட்டாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம். செல்லை எடுத்து அதற்குரிய சார்ஜரில் போடுங்கள். லித்தியம் பேக் என்றால் லித்தியம் மோடு மட்டும்தான். அது நிறைந்தாலும் வோல்டேஜ் இறங்காது. தப்பான மோடில் போட்டால் சார்ஜர் வராத இறக்கத்துக்காகக் காத்திருக்கும், அதற்குள் தீப்பிடித்துவிடும்.

புது பேக்குக்கு ஆன காசு என் மெஸ் பணத்திலிருந்து போனது. இறக்கையை ரூம்மேட் ஒட்டிவிட்டான், கொஞ்சம் கோணல். வெள்ளிக்கிழமை யார் சார்ஜ் போடுவது என்று கதவில் ஒரு அட்டவணை தொங்குகிறது. அடுத்த மூன்று வாரமும் என் பேர்தான் :-)