செடிக்கும் சண்டை போடத் தெரியும்!

போன வருஷம் நான் எங்க அப்பாகிட்ட ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யைப் பற்றியும், அதனால் நான் தெரிந்துகொண்ட அறிவியலைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

மன்னவனூரில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் காடு. உருளைக்கிழங்கு போட்டிருந்தோம். செடி முழங்கால் உயரம் வந்தபோது நாலு நாள் விடாமல் மேகமும் சாரலும். அப்பாவுக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் சனிக்கிழமை, கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "காட்டுக்குப் போயி இலையைத் திருப்பிப் பாத்துட்டு வாடா, கருகல் விழுந்திருக்கான்னு" என்றார்.

அன்றைக்கு எங்களுக்குக் கிரிக்கெட் மேட்ச். வரப்பில் நின்றே பார்த்தேன். நாலைந்து இலைகளில் கறுப்புப் புள்ளி இருந்தது. திருப்பிப் பார்க்கவில்லை. "ஒண்ணுமில்லப்பா, நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காடு முழுக்க வெந்நீர் ஊற்றியது மாதிரி கருகிக் கிடந்தது. ஒரே அழுகல் வாடை. விதைக்கிழங்கு வாங்கிய காசுகூடத் திரும்பவில்லை. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. அப்பா யாரையும் திட்டவில்லை. "பனி அப்படி" என்றார், அவ்வளவுதான்.

ஆனால் ஓர் அதிசயம். சித்தப்பா கொடுத்த வேறு ரகம் பத்துச் செடி ஓரமாக இருந்தது. அதிலும் புள்ளி விழுந்திருந்தது. ஆனால் அது குண்டூசித் தலை அளவோடு நின்றுவிட்டது! ஏன் என்று சயின்ஸ் சாரிடம் கேட்டேன். அவர் சொன்னதையும், அவர் கொடுத்த புத்தகத்தில் படித்ததையும் சொல்கிறேன்.

கருகல் நோயைக் கொண்டுவருவது பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரி. பார்க்கப் பூஞ்சை மாதிரிதான் இருக்கும். உறவு முறையில் பழுப்புக் கடற்பாசிக்குத்தான் நெருக்கம். 1845-இல் அயர்லாந்தில் பஞ்சம் வந்து சுமார் பத்து லட்சம் பேர் சாகக் காரணமானது இதே நோய்தான்.

செடிக்கு நம்மைப் போல ரத்தம் இல்லை. வெள்ளை அணுக்கள் ஓடிவராது. ஒவ்வொரு செல்லும் தன் வாசலைத் தானே காக்க வேண்டும். நம் மலைப்பூண்டு (2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது!) ஆயுதத்துக்கான சரக்கைத் தயாராக வைத்திருக்கிறது. பல்லை நசுக்கினால் தனித்தனியாக இருந்த இரண்டு பொருள்கள் சேர்ந்து, அந்த நெடி அடிக்கும் அல்லிசின் உண்டாகிறது. பூஞ்சைக்கு அது ஆகாது. உருளைக்கிழங்கு வேறு மாதிரி. எதிரி வந்த பிறகுதான் மருந்தைக் காய்ச்சும்.

1940-இல் ஜெர்மனியின் முல்லர், பெர்கர் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். வெட்டிய கிழங்கின் மேல் முதலில் அந்தக் கிழங்கு எதிர்த்து நிற்கக்கூடிய கிருமி வகையை வைத்தார்கள். பிறகு அதே இடத்தில் அதை அழுக வைக்கும் வகையை வைத்தார்கள். இரண்டாவது வளரவே இல்லை! முதல் சண்டையில் கிழங்கு செய்த ஏதோ ஒரு பொருள் அங்கே இருக்கிறது என்று முடிவு கட்டி, அதற்கு ஃபைட்டோஅலெக்சின் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் 'ஃபைட்டோ' என்றால் செடி, 'அலெக்சின்' என்றால் விரட்டுவது. 1968-இல் ஜப்பானில் ரிஷிரி என்ற ரகக் கிழங்கிலிருந்து அப்படி ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, ரிஷிட்டின் என்றார்கள்.

சித்தப்பா கொடுத்த செடியில் நடந்ததும் இதுதான் என்றார் சார். கிருமி நுழைந்த சில மணி நேரத்திலேயே செல் அதை அடையாளம் கண்டுகொள்கிறது. அந்த இடத்துச் செல்கள் தாங்களே செத்து வழியை அடைக்கின்றன. சுற்றிலும் மருந்து சேர்கிறது. அந்தக் குண்டூசிப் புள்ளி நோய் இல்லை, ஜெயித்த இடம்!

அப்படியென்றால் எங்கள் செடிகளுக்கு மருந்து செய்யத் தெரியாதா? தெரியும். ஆனால் வந்தவன் எதிரி என்று கண்டுபிடிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. செடி தாமதித்தாலும் முதல் புள்ளியிலேயே அப்பா மருந்தடித்திருந்தால் பாதிக் காடாவது தேறியிருக்கும். காவலுக்குப் போனவன் நான். பார்த்தும் சொல்லவில்லை.

போன வாரம் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இனிமே போனா ஒரு இலையைக் கிள்ளி எடுத்துட்டு வா. நானே பாத்துக்கிறேன்" என்றார்.

அதிலிருந்து தினமும் ஓர் இலை கிள்ளிக்கொண்டு போகிறேன். அம்மாவின் கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்