சி.எஸ்.டி.யிலிருந்து சௌபாத்தி வரை

மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில், வெளியூர் வண்டிகளுக்குக் காத்திருக்கும் ஹாலில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் வடக்கே இன்னும் எங்கெங்கோவும் போகிறவர்கள் தரையில் துணி விரித்து, பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார்கள். வாசலில் மெட்டல் டிடெக்டர் நிற்கிறது. நான் நின்றிருந்த அரை மணி நேரமும் அது போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

2008 நவம்பர் 26-ம் தேதி இரவு பத்து மணி நெருங்கும் நேரத்தில் இதே ஹாலில்தான் அஜ்மல் கசாபும் அவனது கூட்டாளியும் சுட ஆரம்பித்தார்கள். அந்த மூன்று நாள் தாக்குதலில் மொத்தம் 166 பேர் இறந்தார்கள். அதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இங்கே. தாஜ் ஹோட்டலின் புகை சூழ்ந்த கோபுரத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இந்தத் தரையில் கிடந்தவர்களை அவ்வளவாகப் பார்க்கவில்லை. ரயிலுக்குக் காத்திருந்தவர்களுக்குக் கேமரா காத்திருப்பதில்லை.

ஹாலைத் தாண்டினால் புறநகர் ரயில்களின் பிளாட்பாரங்கள். மேலே கண்ணாடி அறையில் ரயில் வருகையை அறிவிக்கும் ஊழியர் அன்று துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஓடிவிடவில்லை. பின்வழியாக வெளியேறுங்கள் என்று மைக்கில் இந்தியிலும் மராத்தியிலும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். எத்தனை உயிர்கள் அதனால் தப்பின என்று கணக்கெடுக்க வழியில்லை. மறுநாள் காலை ரயில்கள் ஓடின. ‘மும்பையின் மன உறுதி’ என்று பத்திரிகைகள் மெச்சின. எனக்கு அந்தப் புகழ்ச்சியில் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பவன் ரயில் ஏறுவதற்கு மன உறுதி என்று பெயர் வைப்பது, அவனுக்கு வேறொன்றும் செய்யாமலிருக்க வசதியான ஏற்பாடு.

இந்த ஹாலில் காலில் குண்டு பட்ட ஒரு சிறுமி, ஊன்றுகோலுடன் நீதிமன்றத்துக்கு வந்து கசாபை அடையாளம் காட்டினாள். ஊரெல்லாம் பாராட்டியது. ஆனால் பயங்கரவாதிகளின் கண் படும் குடும்பம் என்று பயந்து உறவினர்கள் விலகினார்கள். வளர்ந்த பிறகு, அரசு தருவதாகச் சொன்ன வீட்டைக் கேட்டு அவர் மும்பை உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. கசாப் 2012 நவம்பர் 21-ல் எரவாடா சிறையில் தூக்கிலிடப்பட்டான். சாட்சியின் வழக்கு அதற்குப் பிறகும் நடந்தது.

நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் காமா மருத்துவமனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமானது. கொலையாளிகள் அடுத்து இங்கே நுழைந்தபோது பிரசவ வார்டில் இருந்த நர்ஸ், இருபது கர்ப்பிணிகளை ஒரு சிறிய அறைக்குள் அடைத்து, விளக்கை அணைத்து, இரவு முழுக்கச் சத்தமில்லாமல் வைத்திருந்தார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலுக்கு அந்த இரவைப் பற்றி அவர் வீடியோ மூலம் சொன்னார்.

மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள சந்து குறுகலானது, மரநிழல் விழுவது. இரண்டு சக்கர வண்டிகள் நிறுத்தியிருக்கிறார்கள். போலீஸ் வண்டியில் வந்த ஹேமந்த் கர்கரே, அசோக் காம்தே, விஜய் சாலஸ்கர் மூவரும் சுடப்பட்டது இங்கேதான். பின் சீட்டில், இறந்த சகாக்களின் அடியில் காயத்துடன் கிடந்த ஒரு கான்ஸ்டபிள் மட்டும் பிழைத்தார். கொலையாளிகள் அந்த வண்டியையே எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள், அவர் பின்னால் கிடக்க. பிறகு நடந்ததைச் சொல்ல அவர் ஒருவர்தான் இருந்தார்.

மூன்று வீடுகளிலும் துக்கத்தோடு கேள்விகளும் நுழைந்தன. உதவிப் படை ஏன் வரவில்லை? காம்தேயின் மனைவி வினிதா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அன்றைய வயர்லெஸ் பதிவுகளைக் கேட்டு வாங்கிப் படித்து 2009-ல் ஒரு புத்தகமே எழுதினார். கர்கரேயின் மனைவி கவிதா, கணவர் அணிந்திருந்த குண்டு துளைக்காத உடை எங்கே என்று கேட்டார். அது காணவில்லை. அதை வாங்கிய கோப்பும் காணவில்லை என்று பதில் வந்தது. கவிதா 2014-ல் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். பிள்ளைகள் அவரது உறுப்புகளைத் தானம் செய்தார்கள்.

மெட்ரோ சினிமாவைக் கடந்து கடலை நோக்கி நடந்தால் மரைன் லைன்ஸில் படா கப்ரஸ்தான் வருகிறது. வெளிச்சுவரோரம் வாகன இரைச்சல், உள்ளே அமைதி. கொல்லப்பட்ட ஒன்பது பயங்கரவாதிகளையும் இங்கே புதைக்க அனுமதிக்க மாட்டோம் என்று இதன் முஸ்லிம் நிர்வாகிகள் அப்போதே அறிவித்தார்கள். இறந்துபோன அப்பாவிகளில் முஸ்லிம்களும் ஏராளம். ஒன்பது உடல்களும் ஓராண்டுக்கு மேல் பிணவறையில் கிடந்து, 2010 ஜனவரியில் ரகசியமான ஓர் இடத்தில் புதைக்கப்பட்டன. நகரம் மறந்துவிட்ட பல விஷயங்களில் இதுவும் ஒன்று. மறக்கக் கூடாத ஒன்று என்பேன்.

மற்றபடி அரசு செய்ததைப் பட்டியல் போட்டுவிடலாம். தேசியப் புலனாய்வு முகமை, மும்பையிலும் சென்னையிலும் ஹைதராபாதிலும் கொல்கத்தாவிலும் தேசியப் பாதுகாப்புப் படையின் மையங்கள், மாநில அரசின் ‘ஃபோர்ஸ் ஒன்’ எல்லாம் வந்தன. மீனவர்களுக்கு அடையாள அட்டை வந்தது. நகரக் கேமராக்கள் முழுமையாக இயங்க 2016 ஆனது. விசாரித்த ராம் பிரதான் குழு கவனித்த ஒரு சாதாரண விஷயம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது: போலீஸாருக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சியே ஒழுங்காக நடக்கவில்லை.

மரைன் டிரைவில் கடற்காற்று வாங்கிக்கொண்டு வடக்கே நடந்தால் கிர்காவ் சௌபாத்தி. பேல்பூரிக் கடைகள், கால் நனைக்கும் குழந்தைகள். சாலையோரத்தில் துகாராம் ஓம்ப்ளேயின் சிலை. ராணுவத்திலிருந்து வந்து போலீஸில் உதவி சப்-இன்ஸ்பெக்டரானவர். அன்று தடுப்பு வைத்து மறிக்கப்பட்ட காரிலிருந்து இறங்கிய கசாபின் துப்பாக்கிக் குழலை அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவரிடம் இருந்த ஆயுதம் லத்தி மட்டுமே. குண்டுகள் வயிற்றில் பாய்ந்தபோதும் விடவில்லை. அந்த இடைவெளியில் சகாக்கள் கசாபை உயிரோடு பிடித்தார்கள். அப்படிப் பிடிபட்டிராவிட்டால் இந்தச் சதி எங்கே தீட்டப்பட்டது என்பதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது மிகவும் கடினமாகியிருக்கும். 2009-ல் அவருக்கு அசோக சக்கரம் அளிக்கப்பட்டது. 2021-ல், மகாராஷ்டிரத்தில் கண்டுபிடித்த ஒரு புதிய சிலந்தி வகைக்கு ஆய்வாளர்கள் ‘ஐசியஸ் துகாராமி’ என்று பெயரிட்டார்கள்.

சிலையின் கழுத்தில் காய்ந்த மாலை ஒன்று கிடந்தது. சாயங்கால நெரிசல் தொடங்கியிருந்தது. சிக்னல் அருகே வியர்த்துக்கொண்டு நின்ற கான்ஸ்டபிள், தவறாகத் திரும்பிய ஒரு காரை லத்தியால் தட்டி நிறுத்தி, ஓட்டியவரிடம் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.